புதுப்பிப்பு: கோடையில் 500 யூனிட் தாண்டாமல் இருக்க வழி கேட்டிருந்தேன் (சத்துவாச்சாரி, வேலூர்)

வெயில் காலத்தில் இரண்டு மாசக் கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டி மாச பட்ஜெட்டையே கவிழ்க்கிறது என்று புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. இந்த முறை 500-க்குள் முடிந்தது, கத்திரி வெயிலையும் சேர்த்து.

கைகொடுத்தது காட்பாடி அக்கா சொன்ன பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ளது). பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட் சொச்சம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாசத்தில் ஒரு ஃபேனுக்குச் சுமார் 40 யூனிட் மிச்சம். எங்கள் வீட்டில் மூன்று ஃபேன், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விலை கூடுதல்தான், சீட்டுப் பணம் வந்ததும் மொத்தமாக மாற்றிவிட்டேன்.

பில்லைப் பிரித்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் இல்லை. 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். முதல் 100 யூனிட் மட்டும் எப்படியும் இலவசம். அதனால் ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து காலண்டரில் குறிக்கிறோம். இது என் மாமியார் ஏற்பாடு, அவரிடம் யாரும் ஏமாற்ற முடியாது!

ஏர்கூலர் யோசனை மே மாத வறண்ட காற்றுக்குச் சரி. மழை பெய்து புழுங்கினால் உதவாது, தண்ணீர்ச் செலவு வேறு.

எதிர்பாராதது: ரிமோட் தொலைந்தால் எங்கள் ஃபேனில் வேகத்தை மாற்ற முடியவில்லை. பழைய ரெகுலேட்டரும் இதற்குச் சேராது, எலக்ட்ரீஷியன் கழற்றிவிட்டார். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.