சந்தா நின்ற பிறகு பழைய செஷனைத் திறந்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

தாளக்கட்டு எழுதியது:

ஒரே தடவை காசு கொடுத்து ப்ளகின் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் சின்ன மென்பொருள்) வாங்கியும் வேலை பார்த்திருக்கிறேன், மாதாமாதம் சந்தா கட்டியும் வேலை பார்த்திருக்கிறேன். எது மலிவு என்று நிறையப் பேசியாகிவிட்டது. நான் கேட்பது வேறு. சந்தா நின்ற பிறகு பழைய செஷனை, அதாவது பாட்டின் மிக்ஸ் ப்ராஜெக்ட் ஃபைலை, திறக்க வேண்டி வந்ததா? அப்போது என்ன இருந்தது, என்ன போயிருந்தது?

எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். ஒரு ஆல்பத்தை மிக்ஸ் செய்து கொடுத்து வெகு நாள் ஆகியிருந்தது. பாடியவர் கூப்பிட்டார். மேடையில் பாடுவதற்குக் குரல் இல்லாத ட்ராக் வேண்டும், ஒரு பாட்டில் கிட்டாரை லேசாகக் குறைக்க வேண்டும் என்றார். சின்ன வேலைதான். ஆனால் அந்த மிக்ஸில் குரலுக்கும் டிரம்ஸ் பஸ்ஸுக்கும் (டிரம்ஸ் ட்ராக் எல்லாம் சேரும் சேனல்) போட்டிருந்த ப்ளகின்கள் ஒரு சந்தாத் தொகுப்பில் இருந்து வந்தவை. அந்தச் சந்தாவை நடுவில் நிறுத்தியிருந்தேன்.

செஷன் திறந்தது. ஃபேடர், பேன், ஆட்டோமேஷன் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ப்ளகின் இருந்த கட்டங்கள் மட்டும் மங்கிக் கிடந்தன. ப்ளே அழுத்தினேன். கம்ப்ரஸர் இல்லாததால் ஒரு சொல் முகத்தில் அறைகிறது, அடுத்த சொல் டிரம்ஸுக்குள் காணாமல் போகிறது. ரிவெர்ப் வைத்திருந்த ஆக்ஸ் சேனல் இன்னும் மோசம். அங்கே ரிவெர்ப் இல்லை என்பதால், அனுப்பிய குரல் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே திரும்பி வந்து மெயின் குரலோடு சேர்ந்துகொண்டது. எதிரொலி வர வேண்டிய இடத்தில் சத்தம்தான் கூடியது.

சரி, ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டலாம் என்று கட்டினேன். இறங்கியது புது வெர்ஷன். செஷன் தேடியது விஎஸ்டி2 என்ற பழைய ப்ளகின் வடிவம், இன்ஸ்டாலர் தந்தது புதிய விஎஸ்டி3. என் ரெக்கார்டிங் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு ப்ளகின்களாகவே பார்த்தது. கடைசியில், அன்று கொடுத்த வேவ் ஃபைலைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு செட்டிங்கையும் காதாலேயே பிடித்துக் கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட வந்தது. அதே மிக்ஸ் என்று என்னால் சொல்ல முடியாது.

மாதக் காசு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் முடித்துக் கொடுத்த வேலையைத் திறக்கும் சாவி வேறு ஒருவர் கையில் இருக்கிறது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உங்களுக்கு எப்படி?

பின்னணிஒலி எழுதியது:

எனக்குச் சந்தா நிறைய உதவியிருக்கிறது, அதையும் பதிவு செய்கிறேன். குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் ஒலி மிக்ஸ் செய்கிறேன். சில வேலைகளில் வசனம் முழுக்கக் காற்று இரைச்சல், பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம். அதைச் சுத்தம் செய்யும் பெரிய மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்த மாதிரி வேலை எனக்குத் தொடர்ந்து வருவதில்லை. வரும் மாதத்தில் சந்தா எடுப்பேன், அந்தச் செலவைப் பில்லில் தனி வரியாகவே போடுவேன். தயாரிப்பாளர் யாரும் மறுத்ததில்லை.

எங்கள் வேலையில் வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனி ஆடியோ ஃபைலாக, அதாவது ஸ்டெமாகக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் தாளக்கட்டு சார் சொன்ன பிரச்சினை எனக்குப் பெரிதாக வந்ததில்லை. படத்தைத் திரும்பத் தொட வேண்டியிருந்தால் ஸ்டெமில் இருந்து தொடங்குவேன்.

சிந்த்பிரியன் எழுதியது:

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. தவணை. ஸ்ப்ளைஸ் என்ற இணையதளம் 2016-இல் செரம் சிந்தசைசரை இப்படித்தான் கொடுக்க ஆரம்பித்தது. மாதம் 9.99 டாலர், முழு விலை கட்டி முடித்ததும் அது நம்முடையது. கையில் காசு இல்லாத மாதம் நிறுத்தி வைத்து, பிறகு விட்ட இடத்தில் இருந்து கட்டலாம். நான் அப்படிக் கட்டித்தான் வாங்கினேன். 2025-இல் செரம் 2 வந்தபோது, செரம் வைத்திருந்த எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். மாதக் கட்டணம் என்றாலே எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். கட்டிய காசு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நாடாகாலம் எழுதியது:

நிரந்தர லைசென்ஸ் என்றால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் அந்தப் பக்கம்தான். சந்தாவே எடுப்பதில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

2016-இல் கேக்வாக் கம்பெனி தன் ரெக்கார்டிங் மென்பொருளான சோனாருக்கு வாழ்நாள் முழுவதும் இலவச அப்டேட் என்று சொல்லி விற்றது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்ஸன் சோனாரை மேற்கொண்டு உருவாக்கும் வேலையையே நிறுத்திவிட்டது. வாழ்நாள் என்றது மென்பொருளின் வாழ்நாள் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. 2018-இல் பேண்ட்லேப் கம்பெனி அதை வாங்கி இலவசமாக வெளியிட்டதால், பழைய ப்ராஜெக்ட் வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

அப்புறம் 2019. மேக்கில் கேட்டலினா என்ற புது ஓஎஸ் வந்ததும் 32 பிட் ப்ளகின்கள் மொத்தமாக நின்றன. என்னிடம் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரு டேப் டிலே இருந்தது. செய்தவர்கள் 64 பிட்டுக்கு மாற்றவே இல்லை. லைசென்ஸ் இன்றைக்கும் செல்லும், புது மேக்கில் ஓட்டத்தான் வழி இல்லை. அந்த டிலேவுக்காகவே ஒரு பழைய மேக்கை இணையத்தோடு சேர்க்காமல், எந்த அப்டேட்டும் போடாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

டாங்கிள் (லைசென்ஸைத் தாங்கி யுஎஸ்பியில் செருகும் சாவி) கதையும் இதேதான். கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளின் 11 வரையிலான பதிப்புகள் நம்பியிருந்த இ-லைசென்சர் என்ற லைசென்ஸ் சேவையை, அதைச் செய்யும் ஸ்டெயின்பெர்க் 2025 மே மாதத்தோடு முடித்துக்கொண்டது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிப்புகளிலேயே நின்றுவிட்டவர்களுக்கு டாங்கிள் உடையாமல் இருக்கும்வரைதான் வண்டி ஓடும்.

ஆகவே சாவி வேறு ஒருவர் கையில் இருப்பது சந்தாவோடு தொடங்கியது இல்லை. சந்தாவில் அது மாதத்துக்கு ஒரு முறை நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

தாளக்கட்டு எழுதியது:

நாடாகாலம் சொல்வது உண்மை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிரந்தர லைசென்ஸில் எப்போது அப்டேட் போடுவது என்று நான் முடிவு செய்யலாம். நீங்கள் அந்தப் பழைய மேக்கைக் காப்பாற்றி வைத்திருப்பதே அதனால்தான். சந்தாவில் அந்த வழி இல்லை. கம்ப்யூட்டரை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், கட்டணம் நின்றால் கதவு சாத்தப்படும்.

அதனால்தான் 2023 மார்ச்சில் ப்ளகின் கம்பெனியான வேவ்ஸ் நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி முழுக்கச் சந்தாவுக்குப் போவதாக அறிவித்தபோது அவ்வளவு பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே அவர்கள் முடிவை மாற்றி, பழைய விற்பனை முறையையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர்கள் சேர்ந்து பேசினால் கம்பெனிகள் கேட்கும் என்பதற்கு இந்தத் துறையில் நான் காட்டக்கூடிய மிகத் தெளிவான உதாரணம் அதுதான்.

கம்பெனிகளும் சாப்பிட வேண்டும், அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு ஓஎஸ் மாற்றத்துக்கும் ப்ளகினைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். ஆனால் அந்தக் காசை நியாயமாகக் கேட்கும் வழிகள் இருக்கின்றன. பிட்விக் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் பணம் வாங்கிக்கொண்டு 12 மாத அப்டேட் தருகிறது. அதன் பிறகு கட்டாவிட்டால் அப்டேட் மட்டும்தான் நிற்கும், கடைசியாக வந்த பதிப்பு நம்மிடமே இருக்கும். ரீப்பர் என்ற இன்னொன்றில் 60 டாலர் லைசென்ஸ் இரண்டு பெரிய பதிப்புகள்வரை செல்லும். எனக்கு இந்த மாதிரி ஏற்பாடுதான் சரி என்று படுகிறது. அப்டேட்டுக்குக் காசு கேளுங்கள், தருகிறேன். என் பழைய செஷனைத் திறப்பதற்குக் கேட்காதீர்கள்.

புதுமைக் எழுதியது:

வீட்டில் பாடிப் பதிவு செய்கிறேன், இப்போதுதான் ஆரம்பம். ஒரு சந்தேகம். எல்லா ட்ராக்கையும் ஃப்ரீஸ் செய்து (எஃபெக்ட்டோடு சேர்த்து ஆடியோவாக உறைய வைத்து) வைத்துவிட்டால் போதாதா?

தாளக்கட்டு எழுதியது:

ஃப்ரீஸ் அந்த மென்பொருளுக்குள் மட்டும் செல்லும் தற்காலிக ஏற்பாடு. மென்பொருளே சந்தா என்றால் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். வேவ் ஃபைலாகவே எடுத்து வையுங்கள்.

நான் செய்வது இதுதான். மிக்ஸ் ஒப்புதல் ஆன அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும் எஃபெக்ட்டோடு ஒரு தடவை, எஃபெக்ட் இல்லாமல் ஒரு தடவை பவுன்ஸ் செய்வேன், அதாவது ஆடியோ ஃபைலாக எடுப்பேன். எல்லா ஃபைலும் பாட்டின் தொடக்கப் புள்ளியில் இருந்தே ஆரம்பிக்கும், நடுவில் மட்டும் வரும் கோரஸ்கூட. அப்போதுதான் எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் தாளம் பிசகாமல் உட்காரும். ரிவெர்ப்பும் டிலேயும் தனி ஃபைல். ஃபைல் பெயரிலேயே டெம்போ, சாம்பிள் ரேட். முக்கியமான ப்ளகின்களின் திரையைப் படம் பிடித்து அதே ஃபோல்டரில் போடுவேன், வெர்ஷன் எண் தெரியும்படி. கூடவே குரல் இல்லாத மிக்ஸையும் யாரும் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவேன்.

இடம் நிறையப் பிடிக்கும், டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் பாடுபவர் என்றால், எஃபெக்ட் இல்லாத குரல் ட்ராக்கை மட்டுமாவது இன்றே எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். மற்றதைத் திரும்பச் செய்துகொள்ளலாம், அன்று பாடியதைத் திரும்பப் பாட முடியாது.