ஹி, ஷி, இட் எல்லாம் மனப்பாடம், ஆனாலும் இஸ், ஆர் மாறிப்போகிறது: எங்கே தப்பு?

கரூர் தறி எழுதியது:

வணக்கம். கரூரில் டேபிள் கிளாத், நாப்கின், ஏப்ரன் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சென்னையில் இருக்கும் பையிங் ஏஜென்ட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போடுவேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. பேசினால் சமாளித்துவிடுவேன், எழுதும்போதுதான் சிக்கல்.

போன வாரம் புதிதாக வந்த மேலாளர் என் மின்னஞ்சல் ஒன்றை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஏழு வட்டம். ஏழும் ஒரே வகைத் தப்பு, எழுவாயும் வினையும் ஒட்டவில்லை. "ஹி, ஷி, இட் வந்தால் எஸ் போடு" என்ற விதி எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அது தெரிந்தும் ஏன் தவறுகிறது? அந்தத் தாளை டிராயரில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு மின்னஞ்சலுக்கு முன்னாலும் எடுத்துப் பார்க்கிறேன். பயன் இல்லை. இந்தக் கணினித் திருத்தியும் சிலதைப் பிடிக்கிறது, சிலதை விட்டுவிடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வு ஆசிரியை எழுதியது:

விதி தெரிந்தும் தவறுகிறது என்றால் விதியை இன்னொரு தடவை படித்துப் புண்ணியமில்லை அம்மா. அந்த ஏழு வாக்கியத்தையும் அப்படியே போடுங்கள். திருத்தாமல் போடுங்கள், கூச்சம் வேண்டாம். தப்பைப் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

கரூர் தறி எழுதியது:

சரி டீச்சர். இதோ:

த லிஸ்ட் ஆஃப் சாம்பிள்ஸ் ஆர் அட்டாச்ட்.
ஒன் ஆஃப் த கார்ட்டன்ஸ் ஆர் வெட்.
த குவாலிட்டி ஆஃப் த நாப்கின்ஸ் ஆர் குட்.
த பையர் ஹேவ் டூ டவுட்ஸ்.
த சூப்பர்வைசர் டோன்ட் அக்ரீ.
எவ்ரிபடி ஆர் வெயிட்டிங்.
ஈச் கார்ட்டன் கன்டெய்ன் ஃபிஃப்டி பீசஸ்.

தூத்துக்குடி ஷிப்பிங் எழுதியது:

நானும் இப்படித்தான் திண்டாடினேன். எனக்குத் தெரிந்த குறுக்கு வழி: எல்லாவற்றுக்கும் 'வில்' போட்டுவிடுங்கள். 'வில்', 'கேன்', 'மஸ்ட்' வந்தால் பின்னால் வரும் வினை மாறவே மாறாது. இறந்தகாலத்திலும் தொல்லை குறைவு, 'வாஸ்', 'வேர்' இரண்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓய்வு ஆசிரியை எழுதியது:

தம்பி சொன்ன இலக்கணம் சரி, ஆனால் இந்த வேலைக்கு அது ஆபத்து. பெட்டி இப்போது நனைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வில்' போட்டால் இனிமேல் நனையும் என்று ஆகிவிடும். ஏஜென்ட் அதை வைத்து வேறு முடிவு எடுப்பார். தப்பான இலக்கணத்தைவிடத் தப்பான செய்தி பெரிய நஷ்டம்.

இனி அந்த ஏழுக்கு வருகிறேன். பார்த்தவுடன் ஒன்று தெரிந்தது. உங்களுக்கு ஆங்கில விதி மறக்கவில்லை. தமிழில் வாக்கியம் எப்படி நிற்குமோ அந்தப் பழக்கத்தில் ஆங்கில வாக்கியத்தைக் காது கேட்கிறது.

முதல் மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். "சாம்பிள்களின் பட்டியல்." "பெட்டிகளில் ஒன்று." "நாப்கின்களின் தரம்." தமிழில் விவரம் எல்லாம் முன்னால் வரும், முக்கியமான பெயர் கடைசியில் நிற்கும். அடுத்து வினை வரும். அதனால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்வது நமக்குச் சிறு வயது முதல் ஊறிய பழக்கம், அது தமிழில் நம்மைக் கைவிட்டதும் இல்லை. ஆங்கிலம் தலைகீழ். 'லிஸ்ட்' முதலில் வந்துவிடுகிறது, விவரம் பின்னால் தொங்குகிறது. வினைக்கு ஒட்டி நிற்பது 'சாம்பிள்ஸ்'. காது அதைப் பிடித்துக்கொண்டு 'ஆர்' என்கிறது.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. எழுவாய்ப் பகுதியை மட்டும் மனதுக்குள் தமிழில் சொல்லுங்கள். எந்தப் பெயரில் வேற்றுமை உருபு ஒட்டவில்லையோ அதுதான் எழுவாய். 'சாம்பிள்களின்' என்பதில் 'இன்' இருக்கிறது, தள்ளிவிடுங்கள். 'பெட்டிகளில்' என்பதில் 'இல்' இருக்கிறது, அதையும் தள்ளுங்கள். பட்டியல், ஒன்று, தரம் மூன்றும் வெறுமனே நிற்கின்றன, மூன்றும் ஒருமை. எனவே மூன்றிலும் 'இஸ்'. ஆங்கிலத்தின் 'ஆஃப்', 'இன்', 'வித்' எல்லாம் நம் உருபுகள் செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள்.

நீளமான வாக்கியத்திலும் இது நிற்கும். "த கார்ட்டன்ஸ் தட் கேம் ஃப்ரம் த டையிங் யூனிட்" என்று எழுதிவிட்டு இஸ்ஸா, ஆரா என்று முழிக்க வேண்டாம். "சாயப்பட்டறையிலிருந்து வந்த பெட்டிகள்." பெட்டிகள் பன்மை, 'ஆர்'.

மதுரை மொழிபெயர்ப்பு எழுதியது:

டீச்சர் சொன்ன உருபுக் கணக்கு அருமை. நான் இருபது வருடமாக மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன், நாலாவது, ஐந்தாவது வாக்கியத்தை நான் சொல்கிறேன். இந்த இரண்டுக்கும் காரணம் வேறு.

"பையருக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன." இதில் எழுவாய் எது? சந்தேகங்கள். பையரிடம் 'கு' உருபு ஒட்டியிருக்கிறது. ஆகவே வினையும் பன்மை. ஆங்கிலத்தில் இதே செய்தியைச் சொல்லும்போது பையர் எழுவாய் ஆகிவிடுகிறார், சந்தேகம் செயப்படுபொருளாக இறங்கிவிடுகிறது. பையர் ஒருவர்தான், எனவே 'த பையர் ஹேஸ் டூ டவுட்ஸ்'. நம் மனதில் 'இரண்டு' என்ற எண் உட்கார்ந்திருப்பதால் கை 'ஹேவ்' என்று அடிக்கிறது. "எனக்கு, அவருக்கு, கம்பெனிக்கு" என்று தமிழில் தொடங்கும் எந்த வாக்கியத்திலும் இந்த ஆபத்து உண்டு. அங்கே மட்டும் உருபுக் கணக்கைப் போடாதீர்கள். அந்த 'கு' போட்ட ஆள்தான் ஆங்கிலத்தில் பெரும்பாலும் எழுவாய்.

ஐந்தாவது: "சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை." நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவன் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தீர்களா, 'இல்லை' வந்தால் தமிழில் ஆள் மாறினாலும் வினை அப்படியே இருக்கும். அதனால் 'டோன்ட்' என்ற ஒன்றையே எல்லாருக்கும் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் மறுப்பிலும் ஆள் தெரிய வேண்டும்: 'த சூப்பர்வைசர் டஸ் நாட் அக்ரீ'. இன்னொன்றும் கவனியுங்கள், 'டஸ்' வந்துவிட்டால் எஸ் அதற்குள் போய்விட்டது. 'டஸ் நாட் அக்ரீஸ்' என்று மறுபடி ஒட்டக் கூடாது.

மரியாதையும் நம்மைக் கவிழ்க்கும். "சார் வந்திருக்காங்க" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு 'சார் ஹேஸ் கம்' என்பது ஏதோ மரியாதைக் குறைவு போலத் தோன்றும். ஆங்கில வினையில் மரியாதைக்கு இடமே கிடையாது. ஒருவர் என்றால் ஒருமை, அவர் கலெக்டராக இருந்தாலும்.

கரூர் தறி எழுதியது:

அண்ணா, 'ஹேவ் டூ டவுட்ஸ்' விளக்கத்தை மூன்று தடவை படித்தேன். இத்தனை வருடத்தில் யாருமே இதை எனக்குச் சொன்னதில்லை. பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பார்த்தேன், 'த பையர் ஹேவ் த்ரீ கமென்ட்ஸ்', 'த கம்பெனி ஹேவ் டூ யூனிட்ஸ்' என்று வரிசையாகக் கிடக்கிறது. எல்லாமே "பையருக்கு, கம்பெனிக்கு" என்று மனதில் ஓடிய வாக்கியங்கள்தான்.

ஆறும் ஏழும் பாக்கி இருக்கிறது.

ஓய்வு ஆசிரியை எழுதியது:

ஆறில் தமிழ் உதவாது, நேரே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். "எல்லாரும் காத்திருக்கிறார்கள்" என்பது நமக்குப் பன்மை. ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி', 'எவ்ரிஒன்', 'சம்படி', 'நோபடி' எல்லாம் ஒருமை. 'பாடி', 'ஒன்' என்று முடிவதைப் பாருங்கள், அதற்குள்ளேயே ஓர் ஆள் ஒளிந்திருக்கிறார். 'எவ்ரிபடி இஸ் வெயிட்டிங்'.

ஏழாவதில் குழப்புவது அந்த எஸ் எழுத்து. பெயரில் எஸ் ஒட்டினால் பல, வினையில் எஸ் ஒட்டினால் ஒன்று. ஒரே எழுத்து இரண்டு பக்கமும் எதிரெதிர் வேலை செய்கிறது. 'கார்ட்டன் கன்டெய்ன்ஸ்', 'கார்ட்டன்ஸ் கன்டெய்ன்'. எஸ் ஒரு பக்கம்தான் இருக்கும். 'சில்ட்ரன்', 'பீப்பிள்' மாதிரி எஸ் இல்லாத பன்மைகளுக்கு இது பொருந்தாது. பின்னால் வரும் 'ஃபிஃப்டி பீசஸ்' பற்றிக் கவலையே வேண்டாம், அது எழுவாய் இல்லை.

நம் பேச்சில் "பெட்டி வந்தது, பெட்டிகள் வந்தது" என்று அஃறிணைக்கு ஒரே வினையைப் போட்டுவிடுகிறோம். எழுதும்போதுதான் 'வந்தன' ஞாபகம் வருகிறது. அதனால் பொருள்களைப் பற்றி எழுதும்போது ஒருமை பன்மை பார்க்கும் கண் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஏற்றுமதியில் நீங்கள் எழுதுவது முழுக்கப் பொருள்களைப் பற்றித்தானே.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போல ஆளுக்கு ஒரு விகுதி வைத்திருந்தது. நீ என்றால் 'எஸ்ட்', அவன் என்றால் 'எத்'. ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், வடபகுதி வழக்கிலிருந்து வந்த இந்த எஸ் ஒன்று மிஞ்சியது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்த எஸ் மேல் ஒரு பரிவு வந்துவிடும், அப்புறம் மறக்க மாட்டார்கள்.

தூத்துக்குடி ஷிப்பிங் எழுதியது:

டீச்சர், 'அலாங் வித்' வந்தால் என்ன செய்வது? 'த இன்வாய்ஸ் அலாங் வித் டூ சர்டிஃபிகேட்ஸ்' என்று தினமும் எழுதுகிறேன்.

மதுரை மொழிபெயர்ப்பு எழுதியது:

அதற்கும் தமிழே போதும். "அரசன் படையோடு வந்தான்." படையில் ஆயிரம் பேர் இருந்தாலும் வந்தான்தான். "அரசனும் அமைச்சரும் வந்தார்கள்." 'ஓடு' போட்டால் முதல் ஆளுக்கு மட்டும் வினை, 'உம்' போட்டால் கூட்டிப் பன்மை. 'அலாங் வித்' என்பது 'ஓடு', 'அண்ட்' என்பது 'உம்'. ஆகவே 'த இன்வாய்ஸ் அலாங் வித் டூ சர்டிஃபிகேட்ஸ் இஸ் அட்டாச்ட்'. 'ஆஸ் வெல் ஆஸ்' மட்டும் தமிழில் 'உம்' போலக் கேட்கும், ஆங்கிலத்தில் அதுவும் 'ஓடு' கணக்குதான்.

கரூர் தறி எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். பேக்கிங் மேசையில் நின்றபடியே எழுவாயைத் தமிழில் முணுமுணுத்துவிட்டுத்தான் அடிக்கிறேன். பக்கத்தில் பெட்டி ஒட்டும் அக்கா ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நேற்று வரை ஒரு வட்டமும் இல்லை. 'த நம்பர் ஆஃப் டிஃபெக்ட்ஸ் இஸ் லோ' என்று நானே சரியாக எழுதினேன், "குறைகளின் எண்ணிக்கை" என்று சொல்லிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'எ நம்பர் ஆஃப் டிஃபெக்ட்ஸ்' என்றால் "பல குறைகள்", அங்கே 'ஆர்'. அதுவும் புரிந்தது.

ஆனால் இன்று ஒரு வட்டம். "பெட்டிகளில் பாதி தயார்" என்று சொல்லிப் பார்த்தேன். பாதியில் உருபு இல்லை, பாதி ஒருமை. அதனால் 'ஹாஃப் ஆஃப் த கார்ட்டன்ஸ் இஸ் ரெடி' என்று எழுதினேன். மேலாளர் 'ஆர்' என்று திருத்தியிருக்கிறார். உருபுக் கணக்கு இங்கே ஏன் உடைகிறது?

மதுரை மொழிபெயர்ப்பு எழுதியது:

மேலாளர் திருத்தியது சரி. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தங்கச்சி. 'ஹாஃப்', 'சம்', 'மோஸ்ட்', 'ஆல்', சதவீதம், பின்னம், இவையெல்லாம் அளவுச் சொற்கள். இவற்றுக்கென்று எண் கிடையாது. 'ஆஃப்' போட்டுப் பின்னால் வரும் பெயரைத்தான் பார்க்க வேண்டும். 'ஹாஃப் ஆஃப் த கார்ட்டன்ஸ் ஆர் ரெடி', ஏனென்றால் பெட்டிகளை எண்ணலாம். 'ஹாஃப் ஆஃப் த ஃபேப்ரிக் இஸ் ரெடி', ஏனென்றால் துணியை மொத்தமாக அளக்கிறோம். இந்த இடத்தில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டுமானால் "பாதிப் பெட்டிகள்", "பாதித் துணி" என்று மாற்றிச் சொல்லுங்கள், சரியாக வரும். 'ஒன் ஆஃப்' மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது, அது எப்போதும் ஒருமை.

ஓய்வு ஆசிரியை எழுதியது:

கூடவே நாள் கணக்கும் பணக் கணக்கும் உங்களுக்கு அடிக்கடி வரும். 'ஃபிஃப்டீன் டேஸ் இஸ் நாட் இனஃப்'. பதினைந்து நாளையும் ஒரே தவணையாகப் பார்ப்பதால் ஒருமை. "பதினைந்து நாள் போதாது" என்று நாமும் 'கள்' போடாமல்தானே சொல்கிறோம்.

தூத்துக்குடி ஷிப்பிங் எழுதியது:

'த டீம் இஸ்' என்பதா, 'த டீம் ஆர்' என்பதா? எங்கள் ஆபீசில் இரண்டு கட்சி.

ஓய்வு ஆசிரியை எழுதியது:

பிரிட்டன்காரர்கள் இரண்டும் எழுதுவார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் 'இஸ்'தான். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். என்னைக் கேட்டால் 'இஸ்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'போலீஸ்' மட்டும் எங்கேயும் 'ஆர்'.

கரூர் தறி எழுதியது:

இன்று சாயங்காலம் போக வேண்டிய மின்னஞ்சலில் இந்த வரி இருக்கிறது. அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்: 'ஒன் ஆஃப் த கார்ட்டன்ஸ் இஸ் வெட். த ரெஸ்ட் ஆஃப் த கார்ட்டன்ஸ் ஆர் ரெடி.' முதல் வரிக்கு "பெட்டிகளில் ஒன்று" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாவதை 'ஹாஃப்' கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

ஓய்வு ஆசிரியை எழுதியது:

இரண்டும் சரி. 'ரெஸ்ட்' அந்தக் கூட்டத்துச் சொல்தான். அனுப்புங்கள் அம்மா.