புது வீட்டில் விறகு அடுப்புக்கு இடம் விடலாமா?

குடியாத்தத்துக்காரன்:
பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மெத்தை வீடு கட்டுகிறோம். சமையலறைக்கு கிரானைட் மேடை, சிம்னி எல்லாம் சொல்லியாகிவிட்டது. அம்மாவோ பின்பக்கம் மண் அடுப்பு வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். 2007-இல் தொடங்கிய இலவச கேஸ் திட்டத்தில் அடுப்பு வந்தும், ரொம்ப நாள் அதில் டீயும் பாலும்தான். அவர் புகையில் இருமியதைப் பார்த்தே வளர்ந்தவன், மனசு வரவில்லை. உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

அணைக்கட்டு வாசி:
நான் இடம் விடவில்லை, இன்றைக்கும் வருத்தம்தான். ஒரு படி மாவுக்குக் களி கிண்டிப் பாருங்கள், துடுப்பை அழுத்தினாலே கேஸ் அடுப்போடு சேர்ந்து பானை நகரும். மண் அடுப்பில் பானை குழியில் அசையாமல் உட்காரும், அம்மா கவைக்கோலால் அதை அழுத்திப் பிடித்து உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்துக் கிண்டுவார். இடுப்பளவு மேடை முன்னால் நின்று அந்த பாரத்தை எப்படிக் கொடுப்பது? முதலில் களி வாரம் ஒருநாள் ஆனது, அப்புறம் நின்றே போனது. ஆடிக் கூழுக்குக்கூட பக்கத்து வீட்டு அடுப்புதான்.

பாலாற்றங்கரை:
புகை பயம் நியாயமானதுதான். பீடியைத் தொட்டே பார்க்காத என் பாட்டிக்கு மூச்சிரைப்பு வந்தபோது டாக்டர் முதலில் கேட்டது வீட்டில் விறகு அடுப்பா என்றுதான். ஜன்னல்கூட இல்லாத அறையில் ஐம்பது வருடம் ஊதுகுழலோடு இருந்தவர். அதனால் அடுப்பு வீட்டுக்குள் வேண்டாம், வெளியே தகரக் கொட்டகை போட்டு, ஆடிக்காற்று நெருப்பைக் கலைக்காதபடி மேற்கே மட்டும் ஒரு சுவர் எழுப்பி, மற்ற பக்கங்களைத் திறந்தே விடுங்கள். ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். ஈரமான வேலிகாத்தான் முள்ளை எரிக்கவே கூடாது.

ஆரணி மருமகள்:
உள்ளே போடும் மேடையையும் கவனியுங்கள். மேஸ்திரி வழக்கமாக 32, 33 அங்குலம் வைத்துவிடுவார், எங்கள் அத்தை குள்ளம், தோளைத் தூக்கித் தூக்கி வலி வந்ததுதான் மிச்சம். அம்மாவை நிற்க வைத்து அளந்துவிட்டு அப்புறம் கல் போடச் சொல்லுங்கள்.

குடியாத்தத்துக்காரன்:
நன்றி. நேற்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். தினச் சமையல் உள்ளேயே போதுமாம், களிக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் மட்டும் வெளி அடுப்பு. கிணற்றடிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டோம். கொடி அடுப்பும் சேர்த்துப் போடவேண்டுமாம், களி வேகும்போது பக்கத்தில் கீரை கொதிக்க வேண்டுமே என்கிறார்.