பாக்ஸ் பிரேம்ல (முன்னாடி கண்ணாடி போட்ட ஆழமான சட்டம்) வெச்ச மணி, காசெல்லாம் விழுந்துட்டே இருக்குதுங்க, என்ன பசை போடறது?

நொய்யல்கரை:
அவசரமுங்க. அப்பிச்சி (அம்மாவோட அப்பா) பொட்டியில இருந்த சாமானை பிரேம் போட்டு மாட்டியிருக்குது. மணி கழண்டு விழுந்துருது, காசும் அப்படியே. வெள்ளி வேற கறுத்துப்போச்சு. ஞாயித்துக்கெழமை வீட்ல விசேஷம். நல்ல பசை ஒண்ணு சொல்லுங்க.

காடாத்துணி:
என்ன மணிங்க, எடை எவ்வளவு? இப்ப எதுல ஒட்டியிருக்குது? பின்னாடி பலகையா, அட்டையா, தெர்மாகோலா? எந்தப் பக்கத்துச் செவுரு?

சுழல்காந்தம்:
பசையே வேண்டாமுங்க. பட்டன் காந்தம் பின்னாடி வெச்சாப் போதும், அப்படியே புடிச்சுக்கும்.

பழங்காசு:
பித்தளை, செம்பு, வெள்ளி எதுலயும் காந்தம் ஒட்டாது. 1988க்கு அப்புறம் வந்த ஸ்டீல் 25 காசு வேணா ஒட்டும். இந்த இழைக்கு மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாரு, தேடிப் பார்த்துட்டுக் கேக்கற பழக்கம் யாருக்கும் இல்லை. முதல்ல போட்டோ போடுங்க.

நொய்யல்கரை:
போட்டோ அப்புறம் போடறனுங்க. மாட்டுக் கழுத்து மணி, பித்தளை, 90 கிராம். காசு மூணு, அதுல ஒண்ணு ஓட்டைக்காசு. பாப்பா அரைமூடி (இடுப்புக்கயித்துல கட்டற வெள்ளிச் சாமான்), பூட்டுச் சாவி ஒண்ணு. கறுப்பு வெல்வெட்டு, அடியில அட்டை. குளூ கன்ல ஒட்டுனது. மேக்க பாத்த செவுரு. சூப்பர் குளூ போட்டா நிக்குமா?

சாயப்பட்டறை:
வெள்ளி கறுத்ததுக்கு அந்தத் துணியைத்தான் சந்தேகப்படோணும். பருத்தித் துணியில கறுப்புன்னா பெரும்பாலும் சல்பர் பிளாக் சாயந்தான். அதுல தங்கற கந்தகம் மூடுன பெட்டிக்குள்ள நேரா வெள்ளியைத் தேடிப் போயிரும். அமுக்குன கம்பளித் துணி (ஃபெல்ட்), ரப்பர் துண்டு வெச்சாலும் இதே கதிதான். காடாத் துணியைக் கஞ்சி போக ரெண்டு தண்ணியில அலசிக் காயவெச்சுப் போடுங்க.

பிரேம்பட்டறை:
பசையை மாத்திப் பிரயோஜனமில்லீங்க. வெல்வெட்டுல ஒட்டுனா பசை மேல் மயிரைத்தான் புடிக்குது, எடை தாங்காம மயிரோட பிச்சுக்கும். குளூ கன் பசை 60, 70 டிகிரியிலயே இளகும். மேக்கால வெயில் படற கண்ணாடிப் பெட்டியில சித்திரை மாசத்துச் சூட்டுக்கு அது நிக்காது. சூப்பர் குளூ ஆவி உலோகத்துலயும் கண்ணாடியிலயும் வெள்ளைப் படலமாப் படியும். வினிகர் வாடை அடிக்கற சிலிக்கானும் வேண்டாம், பித்தளையில பச்சை களிம்பு ஏத்திரும்.

பொருளைக் கட்டித்தான் நிறுத்தோணும். அட்டையை எடுத்துட்டு 4 மி.மீ. பிளைவுட் போடுங்க. மரத்துல இருந்து வர்ற அமில ஆவி சாமான் பக்கம் வராம சமையல் அலுமினியத் தாளைச் சுத்தி, அதுக்கு மேல துணி. சாமானை வெச்சுப் பென்சில்ல குறிச்சு, 1 மி.மீ. டிரில்ல ஜோடி ஜோடியா ஓட்டை. ரெண்டு ஓட்டைக்கும் இடைவெளி சாவித் தண்டு அகலத்துக்கு ஒரு நூல் கம்மியா இருந்தா ஓட்டை வெளிய தெரியாது. சாவிக்குக் கழுத்துல ஒண்ணு, வளையத்துல ஒண்ணு. ஒரே இடத்துல கட்டுனா சுத்திக்கும்.

மோட்டார் வைண்டிங் கடையில 28 கேஜ் எனாமல் கம்பி (வார்னிஷ் பூசுன மெல்லிசு செம்புக்கம்பி) கேளுங்க. பின்னாடி மூக்குக் குறட்டுல நாலு முறுக்கு, அதுக்கு மேல முறுக்குனா ஒடிஞ்சிரும். நுனியை மடிச்சு டேப் ஒட்டிருங்க.

மணிக்குக் காதுல ரெண்டு கட்டு, வாய் விளிம்புக்குக் கீழ எல் வடிவ ஆணி ரெண்டு. எடையில பாதி ஆணி மேல உக்காந்துக்கும். நாக்கையும் கட்டிருங்க, கதவு அடிச்சா ஆடி உள்ள இடிக்கும். கண்ணாடிக்கும் மணிக்கும் 5 மி.மீ.யாவது இடைவெளி வேணும்.

தூண்டில்நரம்பு:
கம்பி எதுக்குங்க? 0.25 மி.மீ. தூண்டில் நரம்புல கட்டுனா கண்ணுக்கே தெரியாது.

பிரேம்பட்டறை:
அரைமூடிக்கு நரம்புதான் சரி, வெள்ளியில கம்பி கோடு போட்டிரும். மணிக்கு வேண்டாம், நைலான் நாளாக நாளாக நீளும். முடிச்சும் வழுக்கும், மூணு முடிச்சுப் போட்டு நுனியைத் தீக்குச்சியில லேசாக் காட்டிக் குமிழாக்கோணும்.

பழங்காசு:
ஓட்டைக்காசு 1943லிருந்து 1947க்குள்ள வந்த ஒரு பைசாவா இருக்கும், அந்த ஓட்டையிலயே நரம்பைக் கோக்கலாம். மத்த ரெண்டுலயும் ஓட்டை போட்டீங்கன்னா காசு செத்துது. கேப்சூல்ல (காசு வெக்கற வட்டமான பிளாஸ்டிக் டப்பி) போட்டு, கேப்சூலை மட்டும் நியூட்ரல் கியூர் சிலிக்கான்ல (வினிகர் வாடை அடிக்காத வகை) ஒட்டுங்க.

பிரேம்பட்டறை:
கேப்சூல் கெடைக்கலைன்னா மூணு பித்தளை ஆணி. கடிகாரத்துல 4, 8 மணி இருக்கற எடத்துல கீழ ரெண்டு, காசை உக்காரவெச்சு 12 மணியில ஒண்ணு. ஆணிக்கு வைண்டிங் ஸ்லீவ் (கம்பிக்கு மேல மாட்டற மெல்லிசுக் குழாய்) மாட்டி, அரால்டைட் பசையைப் பலகைக்குப் பின்பக்கம் வைங்க, காசுல படக்கூடாது.

சுழல்காந்தம்:
மாட்டறதுக்கு முன்னாடி காசைப் புளி போட்டுத் தேய்ச்சாப் பளபளன்னு இருக்கும்.

பழங்காசு:
தேய்ச்சுப்புட்டு அப்படியே பழைய இரும்புக்கடையில எடைக்குப் போட்டிருங்க. அந்தப் பழுப்புப் படலம்தான் காசுக்குக் கவசம்.

சுழல்காந்தம்:
அவரு விக்கறதுக்கா கேட்டாரு? வீட்ல மாட்டறதுக்குங்க. கோயில் மணியெல்லாம் புளியிலதான் தேய்க்கறாங்க, என்ன ஆச்சு?

பழங்காசு:
கோயில் மணியில எழுத்து தேய்ஞ்சதைப் போய்ப் பாருங்க.

சாயப்பட்டறை:
மணியைத் தேய்ங்க, காசை விடுங்க. வெள்ளிக்குத் திருநீறு ஈரமாத் தொட்டு, பருத்தித் துணியில லேசா. பற்பசை வேண்டாம், கீறிரும்.

நொய்யல்கரை:
மணி, சாவி கம்பியில கட்டியாச்சுங்க, தலைகீழாப் புடிச்சு ஆட்டியும் அசையல. அரைமூடி நரம்புல. கேப்சூல் எந்த அளவு வாங்கறது?

பழங்காசு:
காசை வெர்னியர் அளவுகோல்ல அளந்து, கேப்சூலோட உள் விட்டம் பாத்து வாங்குங்க. அந்தப் போட்டோ இன்னும் வரலை.