தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகியின் அதிகாரம் எதுவரை?

கேள்வி:
வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் 3 ஆண்டுகளாக எழுதிவரும் என்னை நிர்வாகப் பொறுப்புக்கு முன்மொழிய நண்பர் ஒருவர் விரும்புகிறார். ஊதியமில்லாத இப்பணியில் நிர்வாகி செய்வது என்ன, கட்டுரையின் உள்ளடக்கத்தில் அவர் சொல்வதே முடிவா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இல்லை, உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை நிர்வாகியும் மற்றப் பயனர்களைப் போன்றவரே. பக்கங்களை நீக்குதல், மீட்டல், தொடர்ந்து சிதைக்கப்படும் பக்கங்களைக் காப்பிடுதல் (அவற்றைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துதல்), விசமக் கணக்குகளைத் தடைசெய்தல் ஆகிய கருவிகள்தாம் அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கின்றன. அவர் செய்யும் நீக்கமும் தடையும் எவரும் பார்க்கக்கூடிய வகையில் நேரத்தோடு பதிவாகின்றன என்பதும், தவறாக நீக்கிய பக்கத்தை இன்னொரு நிர்வாகி மீட்க முடியும் என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். தாம் பங்கெடுத்த கருத்து மோதலில் நிர்வாகி தம் கருவிகளைப் பயன்படுத்தலாகாது. கட்டுரையின் உரையாடல் பக்கத்திலோ, பயனர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கமான ஆலமரத்தடியிலோ (அப்பெயரே எனக்கு மிகவும் பிடிக்கும்) காரணத்தைச் சொல்லி, முடிவை வேறொரு நிர்வாகியிடம் விட்டுவிட வேண்டும். புதிய பயனர் சான்றில்லாமல் எழுதிய கட்டுரையை நீக்குவதற்குச் சில நொடிகள் போதும். மேற்கோள் சேர்க்க அவருக்குக் கற்றுத்தர ஒரு மாலைப்பொழுது வேண்டும். அதற்கு மனமிருந்தால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அண்மைய மாற்றங்களை ஒரு மாதம் கண்காணித்துப் பார்த்துவிட்டு நண்பருக்குப் பதில் சொல்கிறேன்.