டெரிபெக்கில் இன்னும் பேசப்படும் பெரிய சாமியார்

அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்திலுள்ள க்வீடோருக்குச் சென்றிருந்தபோது, டெரிபெக் பள்ளத்தாக்கில் ஓடையோரம் சிதைந்து நிற்கும் பழைய ஆலயத்தருகே, உள்ளூர் முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 1880களில் இங்கே குடியானவர் போராட்டத்தை முன்னின்று நடத்திய பங்குத்தந்தை ஜேம்ஸ் மக்ஃபேடனை அவர் ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'பெரிய சாமியார்' என்றே சொன்னார்.

க்வீடோர் நிலம் பாறையும் சதுப்பும் கலந்தது. விளைச்சலைக் கொண்டு குத்தகை கட்ட முடியாத குடியானவர்கள் ஸ்காட்லாந்துக்கு அறுவடைக் கூலிகளாகப் போய்ச் சம்பாதித்த பணம்தான் நிலவுடைமையாளரின் கைக்குப் போனது. 1886இல் புதிய போராட்டத் திட்டம் ஒன்று வந்தது: நியாயமென்று தாங்கள் கருதும் தொகையைக் குடியானவர்கள் கூட்டாகக் கொடுக்க முன்வருவார்கள், மறுக்கப்பட்டால் அதே தொகையைப் பொதுநிதியில் போட்டு, நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்களைக் காப்பாற்றுவார்கள். மக்ஃபேடன் அதன் உள்ளூர்த் தளபதியாகவே ஆனார், 1888இல் சிறைக்கும் போனார். அதே ஆண்டு ரோமாபுரியின் கத்தோலிக்கத் தலைமை அத்திட்டத்தைக் கண்டித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை.

1889 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடித்து வீட்டுக்கு நடந்த அவரைக் கைதுசெய்ய வந்த காவல் அதிகாரி வில்லியம் மார்ட்டின், ஒரு கையில் உருவிய வாளோடு மறுகையால் அவருடைய அங்கியைப் பிடித்தார். சாமியாரை வெட்டப்போகிறார் என்று பதறிய கூட்டம் அந்த அதிகாரியை அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டது. சாமியார் அன்று நடந்துவந்த பாதையை முதியவர் கைத்தடியால் காட்டினார்.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகு வந்தது. பெரிய சாமியார் நடனங்களைத் தடைசெய்த கண்டிப்புக்காரர் என்றும், அவருக்கு அஞ்சிப் பிடில் வாசிப்பவர்கள் ஒளிந்துகொண்டார்கள் என்றும் முதியவர் சிரித்தபடி சொன்னார். இவ்வளவு பிடிவாதம் இல்லாதவரால் நிலவுடைமையாளரையும் ரோமையும் ஒருசேர எதிர்த்திருக்க முடியாது என்றே எனக்குப் பட்டது. (மேயோ மாவட்டத்தில் 1879ஆம் ஆண்டு குடியானவர்கள் நடத்திய ஐரிஷ்டவுன் எதிர்ப்புக் கூட்டத்துக்குக் காரணமான நிலத்தை நிர்வகித்தவரே ஒரு குருவானவர் என்பதால், எல்லாக் குருக்களையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது.)

வழக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் முதியவரின் குரலில் கசப்பு இருந்தது. மேரிபரோ நீதிமன்றத்தில், கைதைத் தடுத்த குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டு மக்ஃபேடன் விடுதலையானார். வில்லியம் கோல் என்ற பங்குமக்களில் ஒருவருக்கோ 10 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. "சாமியாரை எல்லாருக்கும் தெரியும், கோல் யாரென்று கேட்டால்தான் யோசிப்பார்கள்" என்றார்.