பெங்களூரு பதிவு ஜிஎல்சி, வாங்கலாமா?

நண்பர்களே, கோவையில் ஒரு வருஷமே ஆன மெர்சிடிஸ் ஜிஎல்சி 220டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், சீட்டில் புது வாசனைகூடப் போகவில்லை, ஆனால் பானெட் போல்ட் ஒன்றில் ஸ்பேனர் பட்ட தடம் தெரிகிறது, அடிபட்டுக் கழற்றிய வண்டியோ என்று அதுதான் உறுத்துகிறது. வின் நம்பரை, அதாவது சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மெர்சிடிஸ் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரியை நமக்குக் காட்டுவார்களா?

அப்புறம் வண்டி பெங்களூரு பதிவு. அங்கே ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மாற்றினால் லைஃப் டேக்ஸ் மறுபடி கட்ட வேண்டும், குறைத்துத் தருகிற விலையெல்லாம் அதிலேயே போய்விடும் போல. கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது உண்டா, எவ்வளவு அலைச்சல்?

எனக்கு ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். காந்திபுரம் நெரிசலில் ஊர்ந்தே போனால் டீசலில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டரான டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும் என்கிறார் மெக்கானிக். நிஜமா? பேசாமல் புது பெட்ரோல் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 எடு என்கிறாள் மனைவி. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.